ஆறு கிரெடிட் ஆள்

காசு கட்டி ஆடும் ஆப்களை மூடிய பிறகு
எங்கள் ஆட்டம்
யோகலட்சுமியின் கோடு போட்ட நோட்டுக்கு வந்துவிட்டது.
பேனாவும் அவளுடையது, தீர்ப்பும் அவளுடையது.
தோற்றவர் ஜமாலியா முனைக் கடையில்
எல்லோருக்கும் முட்டை தோசை வாங்க வேண்டும்.

மேட்ச் இல்லாத மாதம்.
கை அரித்தது.
குபேந்திரன்தான் ஆரம்பித்தான்:
‘வெள்ளிக்கிழமை ஒரு படம் வருதுல்ல,
இருபது பேர் ஒண்ணா சேந்து
உலகத்தக் காப்பாத்துற படம்,
அதுல டீம் எடுப்போம்டா.’

சிரித்தோம்.
அரைமணி நேரத்தில் யாரும் சிரிக்கவில்லை.
டிரெய்லரை நிறுத்தி நிறுத்தி ஓட்டி
விலை போட்டுக்கொண்டிருந்தாள்.
பறக்கிறவன் பத்தரை.
நெருப்பைக் குடிப்பவள் பத்து.
சுவருக்குள் புகுந்து வருகிறவன்
போன பாகத்தில் செத்துப் பிழைத்ததால் எட்டரை,
ஃபார்ம் சந்தேகம்.
ஓர் அடிக்கு நாலு புள்ளி.
கட்டடம் சரிந்தால் மைனஸ் இரண்டு,
இதில் மட்டும் இம்தியாஸ் விட்டுக்கொடுக்கவில்லை,
மாதவரத்தில் பாதியில் நிற்கும் அடுக்குமாடிக்கு
அவன்தான் சைட் இன்ஜினியர்.

ஒருவர் எடுத்தவரை இன்னொருவர் எடுக்கக் கூடாது.
சகாயம் வந்து சேர்ந்தபோது மணி பத்து,
லிஃப்ட் கம்பெனி சட்டை, கையில் கிரீஸ்.
மூன்று பேரைத் தேற்றிவிட்டான்,
நாலாவதற்கு ஆளே இல்லை.
டிரெய்லரை வாங்கிப் பார்த்தான்.
நாற்பத்தொன்றாவது நொடியில்
பாலத்தின் மேல்
மஞ்சள் சட்டை, தோளில் சாப்பாட்டுப் பை,
வானத்தை அண்ணாந்து பார்க்கும் ஒருவன்.

‘இவன்.’
‘யார்றா இவன்?’
‘தெரியல. ஓடுறான் பாரு.’
யோகலட்சுமி பேனாவைக் கடித்து யோசித்து
ஆறு என்று எழுதினாள்.
‘கேப்டன்’ என்றான் சகாயம்.

பெரம்பூரில் ஏழு மணிக் காட்சி.
உலகம் அழியத் தொடங்கியபோது
எங்கள் வரிசையில் மட்டும்
செல்போன் வெளிச்சத்தில் கணக்கு.
பின்சீட்டுக்காரர்
‘படத்தப் பாருங்கப்பா’ என்றார்.
பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்,
அவரைவிடக் கவனமாக.
என் பறக்கிறவன் ஒரே மூச்சில்
எட்டு அடி, மூன்று கட்டடம்.
இம்தியாஸ் மூன்று விரலைக் காட்டினான்.

இடைவேளையில் சகாயத்தின் போன் அதிர்ந்தது.
கெல்லீஸில் நாலாம் மாடிக்கும் அஞ்சாம் மாடிக்கும் நடுவே
லிஃப்ட் நின்றுவிட்டதாம்.
பாப்கார்னை என் மடியில் வைத்துவிட்டு,
‘மஞ்ச சட்டையப் பாத்துக்க’ என்று போனான்.

பார்த்தேன்.
வேறு யாரையும் பார்க்க முடியவில்லை.
மொத்தம் பதினோரு நொடி வந்தான்.
ஓடினான். விழுந்தான்.
எல்லா வீரர்களும் வானத்தில் இருந்தபோது
கீழே, திரையின் இடது மூலையில்,
ஒரு பஸ்ஸின் கதவைத் தோளால் முட்டுக்கொடுத்து
நின்றுகொண்டிருந்தான்,
உள்ளே இருந்தவர்கள் இறங்கும்வரை.
பிறகு காட்சி மாறிவிட்டது.
இறங்கினார்களா என்று படம் சொல்லவில்லை.

முனைக் கடையில் குபேந்திரன் ஒத்துக்கொள்ளவில்லை.
‘கதவப் பிடிக்கிறதுக்குப் பாயின்ட் எங்க இருக்கு?
ரூல்னா ரூல்.’
யோகலட்சுமி முதல் பக்கத்திலிருந்து தேடினாள்.
அப்படி ஒரு வரி இல்லைதான்.
ஓடியதற்கு இரண்டு, கேப்டன் என்பதால் நாலு.

பதினொன்றரைக்கு வண்டியை நிறுத்தினான் சகாயம்.
‘மூணு பேரு மாட்டிட்டாங்கன்னு சொன்னானுங்க.
ரெண்டு பேருதான்டா,
ஒண்ணு வாஷிங் மெஷின்.’
அறுபத்தோரு புள்ளியில் தோற்றதைச் சொன்னோம்.
கதவு விஷயத்தை
நான் சொல்லத் தொடங்கி நிறுத்திக்கொண்டேன்.

கிரீஸ் போகாத விரலால் காசை எண்ணிக் கொடுத்துவிட்டு
தோசையைப் பிய்த்தபடி கேட்டான்:
‘உயிரோட இருக்கான்ல?’
‘தெரியல’ என்றேன்.
‘அப்ப இருக்கான்.
அடுத்த பாகத்துக்கு இப்பவே எழுதிக்க யோகா,
அவன் எனக்கு.
ரேட் ஏத்தாத.’